பெயர் நீக்கிய கட்டுரைகள்

சிதம்பரம்,
22 ஜூன் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரிசில்லா எழுதுகிறேன். மாதாவின் தயவில் இங்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது கேட்காமல் போன பிறகு நீங்கள் போனைத் தொடுவதில்லை. அம்மாவிடம் நான் சொல்வதையெல்லாம் அவள் சிலேட்டில் நாலு வார்த்தையாக எழுதிக் காட்டிவிடுகிறாள். அதனால்தான் பெரிய விஷயம் என்றால் கடிதமாக எழுதிவிடுகிறேன்.

இது பெரிய விஷயம். மார்ச் மாதம் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போனேன் அல்லவா? பிச்சாவரத்துச் சேற்றில் நின்று நண்டுகளைப் பார்த்தவளுக்குக் கடைசி நாள் சாயங்காலம்தான் நேரம் கொடுத்தார்கள். நான் மேடை ஏறும்போது கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆய்வு மையத்திலிருந்து வந்த இன்னொருவருக்கும் அதே கதிதான். சிவசுப்ரமணியன் என்று பெயர், நத்தைகளைப் பற்றி ஆராய்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "வேலையில இருக்கறவங்க யாரும் பேசக் கூடாதுன்னு ஒரு மாநாடு போட்டா என்ன? ஆராய்ச்சி பண்ற புள்ளைங்க மட்டும் பேசட்டும். பெரியவங்க கீழ உக்காந்து கேக்கட்டும்."

அதைத்தான் செய்யப் போகிறோம். பிப்ரவரியில், இங்கேயே. நானும் சிவாவும்தான் அமைப்பாளர்கள். பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் பெரிய ஆய்வகத்துக்காரர்கள் வந்து கேட்பதாகச் சம்மதித்திருக்கிறார்கள். நன்றாகப் பேசும் ஒருவருக்கு அங்கே போய் வேலை செய்ய இடமும் கிடைக்கும். என் கைடு பொன்னம்பலம் சார் மையத்து மண்டபத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். தொடக்க உரையும் அவர்தான்.

மாத்திரையை மறக்காதீர்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் மகள்,
பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
1 ஜூலை 2008

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பதை அறிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். எனக்குச் சர்க்கரை பரவாயில்லை. அம்மா மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து காலம் கழித்தவன் நான். ஒரு புகார் வந்தால் முதலில் நான் பார்ப்பது, இதில் யாருக்கு லாபம் என்று. நீ எழுதியதில் அந்தப் பையனுக்கு என்ன லாபம் என்று இல்லை. லாபம் இல்லாமல் எவனும் ஒரு வருடம் உழைக்க மாட்டான். அவன் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, கல்யாணம் ஆனவனா, இதையெல்லாம் எழுது. அவர்கள் வீட்டுக்கு நீ போயிருக்கிறாயா? போயிருந்தால், உனக்குத் தண்ணீர் எதில் கொடுத்தார்கள்?

பொன்னம்பலம் சார் விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. உன்னைச் சேர்க்க வந்த அன்று, என்னை நிற்க விடாமல் தன் கையால் நாற்காலி இழுத்துப் போட்டவர். நமக்கு அப்படி இழுத்துப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எதுவானாலும் அவரைக் கேட்டுச் செய்.

மழைக்காலம் வருகிறது. சேற்றில் இறங்கினால் காலைச் சுடுதண்ணீரில் கழுவு.

அன்புடன்,
அ. அந்தோணிசாமி

*

சிதம்பரம்,
20 ஜூலை 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் லேசாகக் காய்ச்சல் வந்தது, போய்விட்டது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில். சிவா வீடு மேல வீதியில் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார். அம்மா பெயர் சிவகாமியம்மாள். அக்காவைத் திருச்சியில் கொடுத்திருக்கிறார்கள். சிவாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அவல் உப்புமா செய்து கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

கட்டுரைகள் வர ஆரம்பித்துவிட்டன. நாகர்கோவிலிலிருந்துகூட ஒருத்தி அனுப்பியிருக்கிறாள். குமராட்சியிலிருந்து செம்பியன் என்பவன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தான். போன வருடம்தான் ஆராய்ச்சியில் சேர்ந்தவன். வாய்க்கால் உளுவை மீன் மழைக்கு முட்டையிடுவதில்லையாம். மதகு திறந்து புதுத் தண்ணீர் வருவதற்குக் காத்திருந்து முட்டையிடுகிறதாம். வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி, அதில் தண்ணீரை விட்டும் நிறுத்தியும் பார்த்திருக்கிறான். படித்தபோது இதை நாம் செய்யவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவன் நேரில் வந்ததால்தான் இதைப் படிக்கக் கிடைத்தது. ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு சிவாவிடம் கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் நேராகச் சிவா வீட்டுக்குத்தான் போகிறது. அவர் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர், கைடு பெயர், கல்லூரிப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு எண் போட்டு, மதிப்பிடுகிறவர்களுக்கு அனுப்புகிறார். "யாரோட ஸ்டூடன்ட்னு தெரிஞ்சா மார்க் மாறிடும் பிரிசில்லா" என்கிறார். எந்த எண் யாருடையது என்று எனக்கும் சொல்வதில்லை.

அம்மாவை எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
28 ஜூலை 2008

அன்பு மகளுக்கு,

காய்ச்சல் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தாயா? இங்கே நாங்கள் இருவரும் நலம்.

நான் கேட்டதில் ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

பெயரை எடுத்துவிட்டு எண் போடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். என் அனுபவத்தில் திருட்டு வண்டியில்தான் எண்ணைச் சுரண்டுவார்கள். சொந்த வண்டியில் எவனும் சுரண்ட மாட்டான். ஊரான் பிள்ளைகளின் உழைப்பு முழுவதும் ஒருவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எது யாருடையது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாளைக்கு அதில் ஒன்றை எடுத்துத் தன்னுடையது என்று அவன் சொன்னால், உன்னால் என்ன செய்ய முடியும்? மாநாட்டு நோட்டீசில் உன் பெயரும் இருக்கிறது. மாட்டிக்கொள்ளும்போது மேல வீதிக்காரன் மாட்டமாட்டான், நீதான் மாட்டுவாய்.

கட்டுரைகளைப் பொது இடத்தில் வைக்கச் சொல். முகத்தைப் பார்த்துக் கேள். பதில் வருவதற்கு முன் கண் எங்கே போகிறது என்று கவனி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அ. அந்தோணிசாமி

*

சிதம்பரம்,
14 செப்டம்பர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போய்வந்தீர்களா? ஆகஸ்ட் முழுவதும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கேட்டால் அம்மாவும் "நல்லாத்தான் இருக்காரு" என்பதோடு நிறுத்திவிடுகிறாள். உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுதுங்கள்.

நான் நலம். ஆனால் மனது சரியில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகும் சிவாவிடம் உடனே கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாட்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் அவர் மாறிவிட்டார். ஆகஸ்ட் நடுவிலிருந்து என்னோடு டீ குடிக்க வருவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் "மேடம்" என்கிறார். மாநாட்டு வேலை என்றால் துண்டுச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். நான் ஒன்றும் கேட்காதபோதே ஏன் இப்படி விலக வேண்டும்? நீங்கள் சொன்னதுபோல உள்ளே ஏதோ இருப்பதால்தானே?

நேற்றுக் கேட்டுவிட்டேன். "கட்டுரையெல்லாம் டிபார்ட்மென்ட்ல வச்சிடலாமே, சிவா" என்றேன். அவர் கண் சாரின் அறைப்பக்கம் போனது. "அங்க வேணாம் மேடம்" என்றார். "ஏன்?" என்றேன். "வேணாம், அவ்ளோதான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பொன்னம்பலம் சாரும் கட்டுரைகளைக் கேட்கிறார். தொடக்க உரைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மகள்,
பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
21 செப்டம்பர் 2008

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் திருநாள் அலைச்சல். அதனால்தான் எழுதவில்லை. அம்மா நலம்.

அவன் விலகியதில் ஆச்சரியம் இல்லை. வாசலில் பசுவைக் கட்டி, தூண் வைத்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு, நம்மிடம் காரியம் ஆகாது என்று தெரிந்தால் நாம் வேண்டாதவர்கள். வருத்தப்படாதே.

சார் கேட்டால் கொடுத்துவிடு. அவர் பெரியவர், உன் கைடு. அவர் கையில் இருந்தால் உன் மேல் பழி வராது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, மாற்றினாயா?

அன்புடன்,
அ. அந்தோணிசாமி

*

சிதம்பரம்,
12 அக்டோபர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலி போய்விட்டது.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். மையத்தின் கூட்டத்தில், மற்ற மாணவர்கள் முன்னால், கட்டுரைகளை ஒப்படைக்கும்படி சிவாவைக் கேட்டேன். தனியாகக் கேட்டால் மறுபடியும் நழுவிவிடுவார் என்று நினைத்தேன்.

"நான் எடுத்துக்குவேன்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லலயே."

"சொல்லல. ஆனா எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்."

"அப்ப ஏன் வீட்ல வச்சிருக்கீங்க? காரணத்தச் சொல்லுங்க."

"காரணம் சொன்னா நீங்க நம்பணும். நம்பலன்னா எனக்கு இங்க இடம் இருக்காது" என்றார்.

மறுநாள் காலை இரண்டு அட்டைப்பெட்டிகள் என் மேசையில் இருந்தன. அவற்றின் மேல் இருந்த சீட்டில், அமைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக ஒரே வரி எழுதியிருந்தார். பெட்டிகளைச் சாரிடம் கொடுத்தேன். "குட், பிரிசில்லா. ஒன்னை மாதிரி பொறுப்பா இருக்கணும்" என்றார். பெயர்களோடு இருந்த மூலப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டார்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் மகள்,
பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
4 நவம்பர் 2008

அன்பு மகளுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு நீ வரவில்லை. உன் பங்குக்கும் நானே மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மாவுக்கு இப்போது முழங்காலோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது.

காரணம் சொல்ல முடியாதவன் விலகிவிட்டான். நல்லதாயிற்று. நீ தனியாகவே நடத்து. ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அ. அந்தோணிசாமி

*

சிதம்பரம்,
14 டிசம்பர் 2008

அப்பாவுக்கு,

முதுநகரில் தண்ணீர் வடிந்துவிட்டதா? வீட்டுக்குள் வரவில்லை என்று அம்மா சொன்னாள். இந்தப் பக்கம் நவம்பர் கடைசியில் பெய்த மழையில் குமராட்சி முழுவதும் ஏரி மாதிரி ஆகிவிட்டது. செம்பியன் வீட்டுத் தொட்டிகள் உடைந்து, மீன்களும் சேர்த்து வைத்திருந்த பாட்டில்களும் போய்விட்டன. கரையேறியதும் என்னிடம்தான் வந்தான். "போனாப் போவுதுக்கா. பேப்பர்தான் ஒங்ககிட்ட இருக்கே" என்று சிரித்தான்.

அவன் வந்து போன அதே வாரம் பொன்னம்பலம் சார் தன் தொடக்க உரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் நோட்டீசில் அச்சடிக்கக் கொடுத்தார். தலைப்பு: 'மதகு திறப்பும் வாய்க்கால் உளுவையின் இனப்பெருக்கமும்.' உள்ளே இருந்தது முழுக்க செம்பியனின் வேலை. தண்ணீரை விட்டும் நிறுத்தியும் பார்த்தது உட்பட.

நான் சாரிடம் போனேன். "சார், இது செம்பியனோட வேலை மாதிரி இருக்கு" என்றேன்.

"செம்பியன் யாரு?" என்றார்.

"குமராட்சிப் பையன் சார். அவனோட கட்டுரை அந்தப் பெட்டியில இருந்துச்சு."

"பல வருஷமா என் மனசுல இருந்த ஐடியாம்மா இது" என்றார். பேனாவை மூடினார். கோபமே இல்லாமல், "ஒன் தீசிஸ் எந்த நெலமையில இருக்கு, பிரிசில்லா?" என்று கேட்டார்.

வெளியே வந்தபோது, சிவா ஏன் கட்டுரைகளை இந்தக் கட்டடத்தில் வைக்கவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மேல வீதிக்குப் போனேன். அவர் இல்லை. சிவகாமியம்மாள் வாசலில் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். பசுவைப் பற்றி நான் உங்களுக்கு எழுதியதே இல்லை, அப்பா. உங்கள் செப்டம்பர் கடிதத்தில் அது இருந்தது. அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மாவே கேட்டார்: "ஏம்மா, ஒங்கப்பா வந்துட்டுப் போனது ஒனக்குத் தெரியாதா? ஆகஸ்ட் மாசம் வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்லயே நின்னுகிட்டு, 'ஒங்க புள்ள எம் பொண்ணுகிட்ட என்ன எதிர்பாக்குறாரு, ஊரான் பேப்பர வீட்ல எதுக்கு வச்சிருக்காரு'ன்னு தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டாரு. நான் பதில் சொல்லச் சொல்ல அவரு பாட்டுக்குக் கேட்டுகிட்டே இருந்தாரு. சிவாவும் வந்து எவ்வளவோ சொன்னான். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. காது கேக்காதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? 'அவங்ககிட்ட சொல்லிடாதீங்கம்மா, அப்பா மேல கோவப்படுவாங்க'ன்னு அவன்தான் என் வாயக் கட்டிட்டான்."

தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு முறையும் பிளாஸ்டிக் டம்ளரில். வெளியிலிருந்து வரும் எல்லோருக்கும் அப்படியா, எனக்கு மட்டுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாததால்தான் அதை எழுதவில்லை. ஆனால் அது எனக்குள் இருந்தது. நீங்கள் எழுதியதெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவரைச் சபையில் நிறுத்திக் கேட்டது என் வாய்தான். அதற்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேள்வி கேட்கப் போனீர்களே, பதிலை எப்படி வாங்கிக்கொள்வது என்று நினைத்துப் போனீர்கள்?

கிறிஸ்துமசுக்கு வரமாட்டேன்.

பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
6 ஜனவரி 2009

பாப்பாவுக்கு,

அம்மா தைலம்மாள் எழுதுறேன். எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. நீ போனை எடுக்கமாட்டேங்கிற, அதனால எழுதுறேன்.

அப்பா உன் கடிதத்தைப் படிச்சாரு. அப்புறம் எழுத உட்காருவாரு, கிழிச்சுப் போடுவாரு. கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்தாரு, நற்கருணை வாங்கப் போகலை. சாமியார்கூடக் கேட்டாரு. சிதம்பரம் போனது எனக்குத் தெரியும் பாப்பா. வேண்டாம்னு சிலேட்டுல எழுதிக் காட்டினேன். அழிச்சுட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போனாரு. உன்கிட்ட சொல்லாதது என் தப்புதான்.

உனக்குப் பிடிக்குமேன்னு முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு வெச்சிருக்கேன். நீ சாப்பிடுறியா? ஒரு வரி எழுது.

அம்மா

*

சிதம்பரம்,
20 ஜனவரி 2009

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

சாப்பிடுகிறேன் அம்மா. முறுக்கை இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

நடக்கப் போவதை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். மாநாட்டை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் சார் அந்த உரையை வேறு மேடையில் பேசுவார். அது செம்பியனுடையது என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் நடத்துகிறேன். காலையில் தினமும் கரண்ட் நிற்கும் நேரத்தில் தொடக்க விழா வைக்க முடியாது என்று சாரிடம் சொல்லி, அதைக் கரண்ட் வந்த பிறகுக்குத் தள்ளிவிட்டேன். விருந்தாளிகளை மட்டும் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறேன். அந்த இடைவெளியில் செம்பியன் பேசுவான். கரும்பலகையும் சாக்கட்டியும் போதும். வந்திருக்கும் அத்தனை பேரும் முதலில் அவன் வாயால் கேட்டுவிட்டால், பிறகு அதை யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

செம்பியனிடம் உண்மையைச் சொன்னேன், அவன் கட்டுரையைச் சாரிடம் கொடுத்தது நான்தான் என்பது உட்பட. "சார எதுத்துப் பேசுனா அப்புறம் எனக்கு யாருக்கா எடம் குடுப்பா?" என்றான். "யாரையும் எதிர்க்க வேண்டாம். ஒன் மீனப் பத்திப் பேசு, அது போதும்" என்றேன்.

சிவாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். திரும்ப அமைப்பாளராக வரச் சொன்னேன். "கேக்க வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

என் தீசிஸ் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது.

அப்பா, உங்களை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள். யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்,
பிரிசில்லா

*

கடலூர் முதுநகர்,
15 பிப்ரவரி 2009

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு,

பஸ் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. உடம்பு நலம். அங்கே கூட்டத்தில் உன்னிடம் நின்று பேச முடியவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

நீ சொன்ன இடத்திலேயே உட்கார்ந்தேன். ஃபேன் ஓடவில்லை, சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். செம்பியன் கரும்பலகைக்கு முன் வந்து நின்றான். வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அப்போது பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மேல வீதி வாசலில் பார்த்த முகம், உடனே தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் தன் பையிலிருந்து காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார். 'மதகு திறந்த மறுநாள் ஆண் மீன் இடம் தேடுகிறது என்கிறான்.' 'பெங்களூர்க்காரர் கேள்வி கேட்கிறார்.' 'நன்றாகப் பதில் சொல்கிறான்.' நான் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

பாதியில் பொன்னம்பலம் சார் உள்ளே வந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் பார்த்துப் பழகியவன் நான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த காகிதங்களை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். குத்துவிளக்கு ஏற்றிய பிறகு அவர் பேசியபோது பக்கத்தில் இருந்தவர் எழுதினார்: 'தலைப்பை மாற்றிவிட்டார். இளைஞர்களின் கடமை பற்றிப் பேசுகிறார்.' எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர் அவர்தான். அதையே நான் இத்தனை நாள் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில், அதே காகிதத்தின் அடியில் நான் எழுதினேன்: 'உங்கள் வாசலில் நின்று நான் கேட்டது தவறு. அம்மாவிடம் சொல்லுங்கள்.' அவர் படித்தார். பிறகு எழுதினார்: 'நீங்க கேட்டதுக்கு அன்னைக்கே பதில் சொன்னேன் சார். இப்ப எழுதித் தரட்டுமா?' நான் தலையாட்டினேன். அவர் எழுதியது இது. பொன்னம்பலம் சார் இதற்கு முன்பே ஒரு பெண்ணின் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டிருந்தாராம். ஆதாரம் இல்லாததால் வெளியே சொல்லவில்லையாம். நீ அவருடைய மாணவி என்பதால் உன்னிடமும் சொல்லப் பயமாக இருந்ததாம். அதாவது, அவரும் உன்னைச் சந்தேகித்திருக்கிறார். உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று நான் அன்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

நீ மேடையில் பேசியபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் சாடை காட்டினேன். ஒரு வரிதான் எழுதினார்: 'இதை நீங்களே பாருங்க சார்.' பார்த்தேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை, பாப்பா.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் பாதி மேல வீதிக்கு.

அப்பா

*

சிதம்பரம்,
22 மார்ச் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவைப் புதுச்சேரி டாக்டரிடம் காட்டியது நல்லது. அவர் சொன்னபடி நடக்கச் சொல்லுங்கள்.

சார் என் தீசிஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'போதிய ஆழம் இல்லை' என்று எழுதியிருந்தார். தாழ்வாரத்தில் பார்த்தால் சிரித்துக்கொண்டே நலம் விசாரிக்கிறார். கைடை மாற்றிக்கொண்டேன். புதியவர் விலங்கியல் துறையில் ஒரு அம்மா, கறாரானவர். ஒன்றரை வருடம் பின்னால் போய்விட்டேன். நண்டுகளை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

முறுக்கைச் சிவா வீட்டில் கொடுத்தேன். சிவகாமியம்மாள் டப்பாவைக் கழுவி, எள்ளுருண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிவா இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுத்த மாநாட்டைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பெங்களூர் இடம் செம்பியனுக்குக் கிடைத்திருக்கிறது. நேற்றுப் புறப்படும் முன் என் அறைக்கு வந்தான். வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினேன். கொடுத்தான். உட்காரவில்லை.

"அக்கா, என் பேப்பரோட காப்பி ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கும்ல. அதக் குடுத்துடுங்க" என்றான்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் என் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? வாசல்வரை போனவன் நின்று திரும்பினான்.

"வேற காப்பி எதுவும் இல்லையேக்கா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். நம்பினானா என்று தெரியவில்லை.

உங்கள் மகள்,
பிரிசில்லா